இல்லாத தூணுக்கு முப்பத்தெட்டு மீட்டர்

எங்க கையெழுத்துப் போடணும்னு பாத்துட்டேன் மேடம். கடைசித் தாள்ல, கீழ, அந்தக் கோட்டு மேல. "மேற்கண்ட அளவுகள் அனைத்தும் என்னால் நேரில் எடுக்கப்பட்டவை." படிச்சேன். ரெண்டு தடவ படிச்சேன். பேனா உங்ககிட்டயே இருக்கட்டும். டீ வருது, குடிங்க. ஜீப்பை நிழல்ல விடச் சொல்லுங்க, அந்த டிரைவர் தம்பி வெயில்ல நிக்கிறாரு.

அவசரம்தான், தெரியும். நாலு மணிக்குள்ள நீங்க கலெக்டர் ஆபீஸ்ல இருக்கணும். போன்லயே சொன்னீங்க. ஒரு கையெழுத்துக்கு எதுக்கு இவ்வளவு பேச்சுன்னு நினைப்பீங்க. நான் பேச்சுக்காரன் இல்ல. ஊர்ல கேட்டுப் பாருங்க, தேசப்பன்னா டேப்பும் நோட்டுமா போறவன், வர்றவன். அவ்வளவுதான். சர்வே தேசப்பன்னு பேரே வச்சுட்டாங்க.

அந்தப் பேரு எனக்குப் பிடிச்சிருந்துச்சு மேடம். மொதல்ல அதைச் சொல்லிடறேன். இருபத்தஞ்சு வருஷம் கடலுக்குப் போனவன் நான். போட்டைக் கரையேத்தும்போது இடுப்புல அடிபட்டுச்சு, அதுக்கப்புறம் ஏற முடியல. எங்க ஊர்ல கடலுக்குப் போகாத ஆம்பளைன்னா என்னான்னு உங்களுக்குத் தெரியாது. வலை பின்னுற எடத்துல உக்காந்திருப்பான். வர்றவன் போறவன் எல்லாம் "என்னா மாமா, இன்னைக்கு லீவா?"ம்பான். ரெண்டு வருஷம் அந்தக் கேள்விக்குச் சிரிச்சேன். அப்புறம்தான் உங்க ஆபீஸ்லேர்ந்து பெரிய சார் வந்தாரு. துறைமுகம் கட்டப் போறோம், கட்டினா கரை எப்படி மாறுதுன்னு மாசாமாசம் அளக்கணும், உள்ளூர் ஆளு வேணும்னாரு. கழுத்துல மாட்டுற கார்டு குடுத்தாரு. அந்த கார்டை நான் கோயிலுக்குப் போகும்போதுகூட கழட்டினதில்ல.

வேலை ரொம்ப லேசு. உங்களுக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் நான் செஞ்ச மாதிரி சொல்றேன். துறைமுகத்துக்குத் தெற்கே எங்க ஊரு, தாழமேட்டுக்குப்பம். கரையில நாலு சிமெண்டுத் தூணு. வடக்கே ஓடைக்கரைக்குப்பம். அங்க நாலு தூணு. தலையில மஞ்சப் பெயிண்டு, நம்பரு. மாசம் ஒருநாள், தண்ணி நல்லா வடிஞ்சிருக்கிற நேரம், தூண்லேர்ந்து தண்ணி ஓரம் வரைக்கும் டேப்பைப் புடிக்கணும். எத்தனை மீட்டரு மணல் இருக்கோ அதை எழுதணும். கலியன் ஒரு முனையைப் புடிப்பான், நான் படிப்பேன். கலியன் எங்க பெரியப்பா மவன். "மண்ணுக்குப் பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி சுத்திச் சுத்தி அளக்குறியே"ம்பான்.

மொத வருஷம் முழுக்க எட்டுத் தூணையும் அளந்தேன். ஒரு மாசம் விடல. அந்த நோட்டை நீங்க எங்க வேணாலும் கொண்டு போகலாம். அதுல சத்தியமா ஒரு தப்பு இல்ல.

அந்த நோட்டுல ஒண்ணு பாத்தேன். எனக்குத் தெரிஞ்ச கடல் அதுல அப்படியே இருந்துச்சு. ஐப்பசி கார்த்திகையில கடல் கரையைத் தின்னும். வாடைக்காத்து மணலைத் தெற்கே தள்ளிட்டுப் போகும். மாசி பங்குனியில தெற்கத்திக் காத்து திரும்புச்சுன்னா, தின்னதெல்லாம் திருப்பிக் குடுக்கும். எங்க அப்பா காலத்துலயும் அப்படித்தான். சின்ன வயசுலேர்ந்து பாக்குறேன். பெரிய சாருகிட்டகூடச் சொன்னேன், "சார், இதுக்கு எதுக்கு டேப்பு? எந்த மாசம் எவ்வளவு கரை இருக்கும்னு நானே வாயால சொல்லுவேன்"னு. அவரு சிரிச்சாரு. "தேசப்பன், நீங்க சொன்னா கலெக்டர் நம்ப மாட்டாரு, நோட்டு சொன்னா நம்புவாரு"ன்னாரு.

சரியாத்தான் சொன்னாரு பாருங்க.

ரெண்டாவது வருஷம் சித்திரையில துறைமுகத்து ரெண்டு கைச்சுவரும் முடிஞ்சுடுச்சு. கருங்கல்லு, லாரி லாரியாக் கொட்டி கடலுக்குள்ள நீட்டிட்டாங்க. எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். போட்டைக் கரையில இழுத்துப் போட வேணாம், உள்ள கொண்டாந்து கட்டிக்கலாம். எங்க பக்கம் கரையும் வளர்ந்துச்சு மேடம். தெற்கு ஒண்ணாம் தூணு நாப்பத்து நாலுல இருந்தது, அறுபதாச்சு, எழுபதாச்சு, இப்போ தொண்ணூத்தேழு. நீங்களே பாத்தீங்கல்ல, பொண்ணுங்க கருவாடு காயப் போட்டிருக்காங்க, அந்தாண்டை வாலிபால் நெட்டு கட்டியிருக்காங்க. கலியன் சொல்லுவான், இனிமே கடலுக்குப் போகணும்னா ஆட்டோ புடிக்கணும்டான்னு. ஒவ்வொரு மாசமும் நம்பரு ஏற ஏற எனக்கு என்னமோ நானே மணலைக் கொண்டாந்து கொட்டின மாதிரி இருக்கும். டீக்கடையில போய் நம்பரைச் சொல்லுவேன். கை தட்டுவாங்க.

அந்த மணலு எங்கேர்ந்து வருதுன்னு டீக்கடையில யாரும் கேக்கல. நானும் கேக்கல. தெற்கத்திக் காத்து வருஷத்துல முக்காவாசி நாளு மணலை வடக்கே கொண்டு போகும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம். நடுவுல கல்லைப் போட்டா அது எங்க தங்கும், அந்தாண்டை யாருக்கு இல்லாமப் போகும், இதுக்குப் படிப்பு வேணுமா? வேணாம். ஆனா கேக்கல.

கல்லு முடியறதுக்கு முன்னாடியே வடக்கே கொஞ்சம் குறைய ஆரம்பிச்சிருந்துச்சு. வடக்கு ரெண்டாம் தூணு, மொத வருஷம் மாசியில முப்பத்தெட்டு. ரெண்டாவது வருஷம் மாசியில முப்பத்தொண்ணு. கல்லு பாதிதான் போட்டிருந்தாங்க அப்போ. கடல் வாங்கி வச்சிருக்கு, திருப்பிக் குடுத்துடும்னு நினைச்சேன். நெசமாத்தான் நினைச்சேன் மேடம், அதுல பொய் இல்ல.

அப்புறம் ஆடி மாசம் சண்டை.

ஓடைக்கரைக்காரங்க அவங்க போட்டைத் துறைமுகத்துக்குள்ள கட்ட வந்தாங்க. கரை குறையுது, இழுத்துப் போட எடம் இல்லன்னாங்க. எங்க பஞ்சாயத்தாருங்க முடியாதுன்னுட்டாங்க. எங்க ஊரு எல்லை, எங்க துறைமுகம்னாங்க. பேச்சு வளந்துச்சு, துடுப்பை எடுத்துட்டாங்க. ரெண்டு பேருக்கு மண்டை உடைஞ்சுச்சு. அன்னைக்கே எங்க ஊர்க்கூட்டம் கட்டுப்பாடு போட்டுச்சு. ஓடைக்கரைக்குப்பத்து மண்ணுல எங்க ஊருக்காரன் எவனும் கால் வைக்கக் கூடாது. பொண்ணு குடுக்குறது எடுக்குறது இல்ல. நல்லது கெட்டதுக்குப் போறது இல்ல. மீறினா அவன் குடும்பத்தோட யாரும் பேச மாட்டாங்க, அவன் வீட்டுப் பொணத்தைத் தூக்க ஆள் வராது.

எங்க அக்காவைக் குடுத்திருக்கிற ஊரு அது.

அஞ்சலாட்சின்னு பேரு. எனக்கு ஏழு வயசு மூத்தது. அம்மா மீனு விக்கப் போகும்போது என்னை இடுப்புல வச்சிருந்தது அக்காதான். அவங்க வீடு வடக்கு ரெண்டாம் தூணுக்கு நேர் பின்னால. அளக்கப் போற அன்னைக்கெல்லாம் சாப்பாடு அங்கதான். எனக்கும் கலியனுக்கும் தட்டு வச்சுட்டு, "வாங்க ஆபீசருங்களா"ன்னு கூப்பிடும்.

சரி. ஆவணி மாசம் அளவு எடுக்கணும். தெற்கே நாலும் எடுத்துட்டேன். வடக்கே எப்படிப் போறது? நான் பெரிய சாருக்கு போன் பண்ணிச் சொல்லியிருக்கணும். ஊர்க்கட்டு இருக்கு சார், போக முடியல, வேற ஆளைப் போடுங்கன்னு. சொன்னா என்னா ஆகும்? வடக்கே ஓடைக்கரை ஆளு ஒருத்தனைப் போடுவாரு. அப்புறம் ரெண்டு ஆளு எதுக்கு, அவனே தெற்கேயும் பாக்கட்டும்னு சொல்லிட்டா? நான் மறுபடி வலை பின்னுற எடத்துல போய் உக்காரணும்.

சொல்லல.

வீட்டுல உக்காந்து போன வருஷ நோட்டைப் பிரிச்சேன். ஆவணி, வடக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பாத்து எழுதினேன். ஒண்ணுல ஒரு மீட்டரு கூட்டினேன், ஒண்ணுல அரை குறைச்சேன், பாக்க இயல்பா இருக்கணும்ல. கலியன் எதிர்ல உக்காந்திருந்தான். "என்னடா, வீட்டுக்குள்ளயே கடல் வந்துடுச்சா?"ன்னான். "போன வருஷம் என்னாவோ அதுதான் இந்த வருஷமும். கடல் நம்மளை ஏமாத்துமா?"ன்னேன். அவன் தலையாட்டினான். அவனுக்கும் தெரிஞ்ச கடல்தானே.

உங்களை மாதிரி வெளியூரு ஆளா இருந்தா இந்தத் தப்பைச் செஞ்சிருக்க மாட்டான். அவனுக்குப் பயமா இருக்கும், தெரியாத கடலை எப்படி எழுதுறதுன்னு. எனக்குப் பயமே இல்ல. தெரியும்னு எழுதினேன்.

ஐப்பசியில டவுன் மீன் மார்க்கெட்டுல அக்காவைப் பாத்தேன். மார்க்கெட்டு பொது எடம், அங்க ஊர்க்கட்டு கிடையாது. கூடையை எறக்கி வச்சுட்டு என்னைத் தனியாக் கூப்பிட்டுச்சு.

"தேசா, கடல் கிட்ட வருதுடா. ராத்திரி படுத்தா தலைமாட்டுல அடிக்குது."

"ஐப்பசியில அடிக்காம எப்பக்கா அடிக்கும்?"

"இல்லடா, இது வேற மாதிரி. மாமாவோட பங்காளி வீடு ரோட்டுக்கு அந்தாண்டை சும்மா கெடக்கு. போயிடலாமான்னு மாமா கேக்குறாரு. நீதான் அளக்குற ஆளாச்சே, நீ சொல்லு."

நீதான் அளக்குற ஆளாச்சே. கேட்டீங்களா?

நான் என்னா சொன்னேன் தெரியுமா? "பங்குனியில எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடும். கல்யாணம் பண்ணிப் போன வீட்டை விட்டுட்டு எவனோ வீட்டுல போய்க் குந்துவியா? இரு"ன்னேன். அக்கா மூஞ்சி தெளிஞ்சு போச்சு. கூடையிலேர்ந்து ரெண்டு வவ்வால் மீனை எடுத்து என் பையில போட்டுச்சு. வேணாங்க்கான்னேன். "சும்மா இருடா ஆபீசரு"ன்னுச்சு.

அந்தப் பங்காளி வீட்டுக்கு அடுத்த வாரமே வேற ஆளு குடிவந்துட்டாங்க.

கார்த்திகையில புயல் வந்துச்சுல்ல, பேப்பர்லகூடப் போட்டாங்க, கரையைக் கடந்ததுன்னு. எங்க பக்கம் ஒண்ணுமே ஆகல. அம்மாம் பெரிய மணல் மேடு இருக்கு, அலை எங்க வரும்? மறுநாளு நான் கருங்கல்லு மேல ஏறிப் பாத்திருக்கலாம். அந்தக் கைச்சுவரு முனையில நின்னா ஓடைக்கரை பூராவும் தெரியும், அக்கா வீட்டுக் கூரைகூடத் தெரியும். இடுப்பு வலின்னு ஏறல. இடுப்பு வலிதான். அதுக்கு முன்னாடி வாரம் விநாயகர் கோயில் படி ஏறினேன், அதையும் சொல்லிடறேன்.

மார்கழியில சேதி வந்துச்சு. கலியன் பொண்டாட்டி எங்கயோ கேட்டுட்டு வந்து சொன்னா. "உங்க அக்கா வீட்டு அடுப்படி போயிடுச்சாம். சட்டிபானையெல்லாம் கடல்ல போயிடுச்சாம்." நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். சாப்பிட்டு முடிச்சேன். அன்னைக்குப் போகல. பொங்கலுக்குச் சீர் கொண்டு போகணும், அதுக்கும் போகல. ஊர்க்கட்டு இருக்கேன்னேன் என் பொண்டாட்டிகிட்ட. அவ ஒண்ணும் சொல்லாம இருந்தது எனக்கு நல்லதாப் போச்சு.

இப்போதான் மேடம், நீங்க கேட்ட எடத்துக்கு வர்றேன். மாசி மாசம். வடக்கு ரெண்டு. முப்பத்தெட்டு மீட்டர். அதைத்தானே சிவப்புல சுழிச்சுக் கொண்டாந்திருக்கீங்க?

என்கிட்ட ரெண்டு மாசி இருந்துச்சு. மொத வருஷத்து மாசி முப்பத்தெட்டு. ரெண்டாவது வருஷத்து மாசி முப்பத்தொண்ணு. இது மூணாவது. பாத்து எழுதறதுன்னா போன வருஷத்தைத்தானே பாத்து எழுதணும்? முப்பத்தொண்ணு எழுதியிருக்கலாம். ஏன் எழுதல? முப்பத்தொண்ணுன்னா பெரிய சாரு கேப்பாரு. "என்ன தேசப்பன், திரும்பி வரலையே, வாங்க போய்ப் பாக்கலாம்"ம்பாரு. ஜீப்பு எடுத்துட்டு வந்துடுவாரு. முப்பத்தெட்டுன்னா யாரும் கேக்க மாட்டாங்க.

அதுக்குத்தான் முப்பத்தெட்டு.

இதுவரைக்கும் கடல் ஏமாத்திடுச்சு, கடல் கணக்கு மாறிடுச்சுன்னு சொல்லிக்கிட்டே வந்தேன் பாருங்க. உங்ககிட்ட இல்ல, எனக்குள்ள. மாசியில கடல் ஏமாத்தல. அடுப்படி போனது தெரிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு, அந்த வீட்டு முன்னாடி முப்பத்தெட்டு மீட்டர் மணல் இருக்குன்னு என் கையால எழுதினேன். எழுதிட்டு, கார்டை மாட்டிக்கிட்டு தபால்ல போட்டுட்டு வந்தேன்.

டீ ஆறிடுச்சு. வேற போடச் சொல்லவா? வேணாமா, சரி.

போன மாசம் டவுன் கல்யாண மண்டபத்துல கருத்துக் கேட்புக் கூட்டம். நீங்க வரல, உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க வந்தாங்க. ஓடைக்கரைக்காரங்க மனு குடுத்திருந்தாங்க. துறைமுகத்துக்குத் தெற்கே சேர்ற மணலை அள்ளிக் கொண்டாந்து எங்க கரையில கொட்டுங்க, கல்லு போடுங்கன்னு. எங்க ஊர்லேர்ந்து பஞ்சாயத்தாருங்களும் வந்திருந்தாங்க, மணலைக் குடுக்க முடியாதுன்னு சொல்றதுக்கு. நான் இஸ்திரி போட்ட சட்டை, கார்டு. ஆபீசருங்க பக்கத்துல நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க.

பெரிய சாரு தாளை எடுத்துப் படிச்சாரு. "வடக்கு இரண்டாம் தூண், மாசி மாதம், முப்பத்தெட்டு மீட்டர். சென்ற ஆண்டைவிட ஏழு மீட்டர் கூடுதல். கரையின் ஏற்ற இறக்கம் இயல்பாகவே உள்ளது."

மண்டபமே சிரிச்சுடுச்சு. எனக்குப் புரியல, எதுக்குச் சிரிக்குறாங்கன்னு. ஒரு ஓடைக்கரை ஆளு எழுந்தாரு. "ஐயா, அந்தத் தூணு கார்த்திகையிலயே கடலுக்குள்ள சாஞ்சுடுச்சு. நாங்க அதுல போட்டைக் கட்டிக்கிட்டு இருக்கோம். மாசியில உங்க ஆளு எந்தத் தூண்லேர்ந்து அளந்தாரு? முங்கி அளந்தாரா?"

தூணு போனது எனக்கு அப்போதான் தெரியும்.

அக்கா பின்வரிசையிலேர்ந்து எழுந்து வந்துச்சு. முந்தானையில மணலு முடிஞ்சு கொண்டாந்திருந்துச்சு. மேசையில அவுத்துக் காட்டிச்சு. ஒரு கை மணல் இருக்கும். "இதுதான் எங்க கரையில மிச்சம். அளந்துக்கங்க"ன்னுச்சு. பெரிய சாரு, "அம்மா, உக்காருங்கம்மா"ன்னாரு. "எவன் அளந்தான்? பேரு சொல்லுங்க. எங்க கரைக்கு ஒரு வருஷமா ஒருத்தனும் வரல. வந்தா எனக்குத் தெரியாதா? அந்தத் தூணு என் வாசல்ல நின்னுச்சு. என் தம்பி உக்காந்திருக்கான் பாருங்க, அவனும் உங்க ஆபீசுலதான் தெற்கே அளக்குறான். அவனையே கேளுங்க. டேய் தேசா, நீ சொல்லுடா. வடக்கே யாருடா வந்து அளந்தது?"

மேடம், அக்காவுக்கு நான்தான்னு தோணவே இல்ல. ஊர்க்கட்டுனால என்னை நிறுத்திட்டு வேற யாரையோ போட்டுட்டாங்கன்னு நினைச்சிருக்கு. என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுது.

முன்னூறு பேரு என்னையே பாக்குறாங்க. எங்க பஞ்சாயத்தாருங்க பாக்குறாங்க. பெரிய சாரு என்னைப் பாத்தாரு. அவருக்குத் தெரியும், எட்டுத் தூணுக்கும் நான் ஒருத்தன்தான்னு. ஒரு வார்த்தை அவரு சொல்லியிருக்கலாம். சொல்லல. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு.

நான் எழுந்து நின்னேன். "எனக்கு வடக்குப் பக்கம் தெரியாதுக்கா. ஊர்க்கட்டு இருக்குல்ல"ன்னேன்.

அதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா சொல்லுங்க? தெரியாது. ஊர்க்கட்டு இருக்கு. ரெண்டும் நெசம். ஒரு வருஷமா நான் எழுதின எல்லா நம்பரையும்விட அதுதான் பெரிய பொய்.

அக்கா தலையாட்டிச்சு. "பாத்தீங்களா"ன்னு அவங்ககிட்டத் திரும்பி, மேசையில இருந்த மணலை வாரி எடுத்துச்சு. "எவன் எழுதினானோ அவன் வீட்டுல அடுப்பு எரியாமப் போகட்டும். அவன் நிக்கிற மண்ணு அவனைத் தாங்காமப் போகட்டும்"னு சொல்லி வீசிச்சு. மணலு மேசை மேல, தாளு மேல, பெரிய சாரு மேல விழுந்துச்சு. என் சட்டையிலயும் விழுந்துச்சு. அக்கா பதறிப் போய் வந்து, "உன் மேல இல்லடா, உன் மேல இல்லடா"ன்னு தன் முந்தானையால என் தோளைத் தட்டி விட்டுச்சு.

கொஞ்சம் இருங்க.

தண்ணி குடிச்சுக்கறேன்.

கூட்டம் என்னாச்சுன்னா, அளவுல முரண்பாடு இருக்கு, மறுபடி சரிபார்க்கணும்னு மனுவை ஒத்தி வச்சுட்டாங்க. அதுக்குத்தான் நீங்க இந்தத் தாளைக் கொண்டாந்திருக்கீங்க. நான் கையெழுத்துப் போட்டா, தூணு சாஞ்சது மாசிக்குப் பின்னாடிதான், அளவு சரின்னு ஆயிடும். இல்லையா? மனு தள்ளுபடி ஆயிடும். போடலன்னா வடக்கே ஒரு வருஷமா அளவே இல்லன்னு ஆகும். மறுபடி தூணு நட்டு, மறுபடி அளந்து, அதுக்கு ரெண்டு வருஷம் மூணு வருஷம்னு போன்ல நீங்களே சொன்னீங்க. அதுக்குள்ள அந்த வரிசையே இருக்காது. நான் நெசத்தைச் சொன்னாலும் அக்கா வீடு நிக்காது. அப்படி ஒரு வேலை பண்ணி வச்சிருக்கேன்.

அதனால, போன ஞாயித்துக்கிழமை காலையில கலியன் போட்டைக் கேட்டேன். எதுக்குன்னான். சொன்னேன். அப்புறம், "ஊர்க்கட்டு மண்ணுக்குத்தானே, தண்ணிக்கு இல்லையே"ன்னு எஞ்சினை எடுத்தான். அவனும் என் கூட உக்காந்து தலையாட்டினவன்தானே.

கைச்சுவரைச் சுத்திக்கிட்டுப் போனோம். ஒரு வருஷம் கழிச்சு ஓடைக்கரையைப் பாக்குறேன். பெரிய வலை இழுப்பாங்க மேடம் அங்க, ஒரு பக்கத்துக்கு இருபது பேரு நின்னு இழுக்குற அளவுக்குக் கரை. இப்போ ரெண்டு பேரு ஒதுங்கி நடக்க எடமில்ல. தென்னை மரம் வேரோட தண்ணியில கெடக்கு. பாதி வீட்டுக்கு முன்சுவரு இல்ல, உள்ள மாட்டின சாமி படம் வெளியே தெரியுது. எட்டாம் நம்பரு வீடு, ஒம்பதாம் நம்பரு வீடு, பத்து இல்ல.

மஞ்சப் பெயிண்டு தண்ணிக்குள்ள தெரிஞ்சுச்சு. போட்டைக் கலியன் நிறுத்துனான். நான் எறங்கினேன். நெஞ்சு வரைக்கும் தண்ணி. காலால தடவித் தூணைப் புடிச்சு நின்னேன். டேப்பைப் பிரிச்சு முனையைக் கரைப்பக்கம் விட்டேன், அலை கொண்டு போயிடும், எங்க தண்ணி முடியுதோ அங்க நிக்கும்னு நினைச்சேன். நிக்கல. மடங்கி மடங்கித் திரும்பி வந்துச்சு. மூணு தடவ விட்டேன்.

அக்கா வெளியே வந்துச்சு. கையில துடைப்பம். என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. தண்ணிக்குள்ள கழுத்துல கார்டோட நிக்கிற தம்பியை. துடைப்பத்தைச் சுவத்துல சாத்திட்டு, சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு எறங்கி வந்துச்சு. மிதந்துக்கிட்டு இருந்த முனையை எடுத்துச்சு. பின்னாலயே நடந்து போய், அலை வந்து முடியுற எடத்துல குனிஞ்சு ஈர மண்ணுல வச்சு அழுத்திப் புடிச்சுச்சு. எத்தனை தடவ நாங்க அளக்குறதைப் பாத்திருக்கு, சரியாப் புடிச்சுச்சு.

"எவ்வளவு?"ன்னுச்சு.

"பதினஞ்சு."

"மாசியில எவ்வளவு எழுதுன?"

எழுதினாங்கன்னு கேக்கல மேடம். எழுதுனன்னு கேட்டுச்சு.

"முப்பத்தெட்டு"ன்னேன்.

"முப்பத்தெட்டுன்னா எதுவரைக்கும்?"

நான் கையைக் காட்டினேன். எனக்குப் பின்னால, கடல் பக்கம். மொத வருஷம் தூண்லேர்ந்து தண்ணி அங்கதான் இருந்துச்சு. இப்போ அங்க கலியன் போட்டு நங்கூரம் போட்டு ஆடிக்கிட்டு இருக்கு, அவன் குனிஞ்சு தண்ணியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். அக்கா அந்த எடத்தைக் கொஞ்ச நேரம் பாத்துச்சு. திட்டும்னு நின்னேன். மண்ணை வாரும்னு நின்னேன். கையில மண்ணு இருந்துச்சு.

டேப்பு முனையை விட்டுட்டு, "குளிச்சிட்டுத் துணி மாத்திக்க, சளி புடிக்கும்"னுச்சு. வீட்டுக்கு வான்னு கூப்பிடல. உள்ள போயி கதவைச் சாத்திக்கிச்சு.

அந்தத் தாளைக் கொண்டு போங்க மேடம், நான் போட மாட்டேன். பதிலா ஒரு வெள்ளைத் தாளு எடுங்க. நான் சொல்றதை எழுதுங்க, அதுல போடறேன். போன ஆவணிலேர்ந்து வடக்கே உள்ள அளவு எதையும் நான் எடுக்கல, வீட்டுல உக்காந்து எழுதினது. இதை மொதல்ல எழுதுங்க. கள உதவியாளர்னு போடாதீங்க. தேசப்பன், தகப்பன் பேரு நாகமுத்து, தாழமேட்டுக்குப்பம்னு போடுங்க. எங்க ஊர்ல நாளைக்கே தெரிஞ்சுடும், கூட்டம் கூட்டுவாங்க, அதை நான் பாத்துக்கிறேன்.

கீழ ஒரே ஒரு அளவு. வடக்கு ரெண்டாம் தூணு, ஆடி மாசம், ஞாயித்துக்கிழமை. கழித்தல் குறி போட்டு பதினஞ்சு மீட்டர். உங்க ஃபாரத்துல கழித்தலுக்குக் கட்டம் இல்ல, தெரியும். ஓரமா எழுதுங்க.

அளந்தது யாருன்னு கேட்டு ரெண்டு வரி இருக்கும்ல? மேல என் பேரு. முனையைப் புடிச்சவங்க பேரு அஞ்சலாட்சி. அதையும் எழுதிடுங்க. அந்தப் பேரு இருந்தாத்தான் அந்த அளவை நம்புவாங்க.